காவிரிக் கரையில் கயிலை

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயிலில் நிற்கும்போது மனம் ஒன்றுவதில்லை என்றும், மலைப்பாதையிலோ ஆற்றங்கரையிலோ தனியாக இருக்கும்போது இறைவன் மிக அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது என்றும் ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். அது மெய்யான இறையனுபவமா, ஊர் இரைச்சலிலிருந்து தப்பிய மனத்தின் நிம்மதி மட்டும்தானா என்பது அவருடைய முதல் ஐயம். மெய்யானது என்றால் அதை எப்படி வளர்த்துக்கொள்வது, அதற்காக எந்த மலைக்கு, எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்பது இரண்டாவது.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த மரபிலிருந்தே விடை சொல்ல முடியும். நிம்மதியும் இறைக்காட்சியும் ஒரே மரத்தடியில் தொடங்கலாம். ஆனால் நிம்மதி நம்மோடு நின்றுவிடும், காட்சியோ நம்மை விட்டு எதிரே நிற்பதன்பால் நம்மைக் கொண்டுபோய்விடும். மலையில் இருக்கும்போது இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். இறங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறுபாடு தெரியும். இதை எனக்கு விளங்கவைத்தது திருநாவுக்கரசரின் திருவையாற்றுப் பதிகம் ஒன்று. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

நாவுக்கரசர் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாற்றின்படி, அவர் தம் முதுமையில் திருக்காளத்தியை வணங்கிய பின், கயிலையைக் கண்டே தீருவது என்று வடக்கு நோக்கி நடக்கிறார். காசியைக் கடந்த பிறகு உடன் வருவோர் இல்லை. நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்துபோகின்றன, கைகளால் தவழ்கிறார். கைகள் மணிக்கட்டுவரை தேய்ந்ததும் மார்பால் நகர்கிறார். மார்பின் தசை நைந்து எலும்பும் முறிந்தபின் புரண்டு புரண்டு செல்கிறார். இறுதியில் எந்த உறுப்பும் இயங்காமல் வழியிலேயே கிடக்கிறார். அப்போது முனிவர் வடிவில் வந்த இறைவன், மானுடர் கயிலையை அடைவது எளிதன்று, திரும்பிப் போவதே உமக்கு நல்லது என்கிறான். 'ஆளும் நாயகன் கயிலையில் இருக்கை கண்டல்லால் மாளும் இவ்வுடல் கொண்டு மீளேன்' என்று அவர் மறுக்கிறார். அந்த உறுதியைக் கண்ட இறைவன் அங்கே ஒரு பொய்கையைக் காட்டி, இதில் மூழ்கித் திருவையாற்றில் நம்முடைய கயிலைக் கோலத்தைக் காண்பாயாக என்று அருளுகிறான். இமயத்துப் பொய்கையில் மூழ்கியவர், காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் ஒரு குளத்திலிருந்து எழுகிறார்.

கயிலையைக் காட்டுகிறேன் என்ற வாக்குக் கிடைத்தபின் ஒருவர் எதைக் காண்பார் என்று நாம் எதிர்பார்ப்போம்? பனிமலை, ஒளிவெள்ளம், தேவர் கூட்டம். சேக்கிழாரும் அந்தப் பெருங்காட்சியைத் தம் பாடல்களில் வருணிக்கத்தான் செய்கிறார். ஆனால் அன்றைய அனுபவமாக நாவுக்கரசர் தம் வாயாலேயே பாடிய பதிகத்தில், 'மாதர்ப் பிறைக்கண்ணியானை' என்று தொடங்கும் அந்தப் பதினொரு பாடல்களில், முன்னிற்பவை விலங்குகளும் பறவைகளும். 'காதல் மடப்பிடியோடும் களிறு வருவன கண்டேன்' என்கிறது முதற்பாடல். அடுத்த பாடலில் கோழி தன் பெடையோடு வருகிறது. பிறகு குயில், மயில், அன்றில், பன்றி, கலைமான், நாரை, கிளி, முடிவில் இளம்பசுவைத் தழுவி வரும் காளை. ஒவ்வொன்றும் தன் துணையோடு வருகிறது. ஒவ்வொரு பாடலும் 'கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்' என்று முடிகிறது. களிறும் பிடியும் சிவமும் சத்தியும். சேவலும் பெடையும் சிவமும் சத்தியும்.

இந்தப் பதிகத்தை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். 'கண்டறியாதன' என்ற சொல்லில் ஒரு மாணவி என்னை நிறுத்தினாள். கோழியை நாவுக்கரசர் அதற்கு முன் கண்டதே இல்லையா என்று கேட்டாள். சிறுபிள்ளைக் கேள்வி போலத் தோன்றினாலும் பதிகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. திருமுனைப்பாடி நாட்டில் வேளாண் குடியில் பிறந்து, தமிழ்நாட்டின் ஊர்களையெல்லாம் கால்நடையாகச் சுற்றியவர் கோழியையும் காளையையும் நாள்தோறும் கண்டவர்தான். அவர் கண்டிருந்தார், அறிந்திருக்கவில்லை. கயிலை என்ற ஒன்றே குறியாக உடல் முழுதும் தேய்ந்து, இனிச் செய்வதற்குத் தம்மிடம் எதுவும் இல்லை என்ற நிலையில் விழுந்து, பிறகு எழுந்தபோது, எப்போதும் கண்ணெதிரே இருந்தவை முதன்முறையாகத் தெரிகின்றன. 

பன்றியை அவர் விட்டுவிடாததையும் கவனியுங்கள். 'இடிகுரல் அன்னதோர் ஏனம்' என்கிறார். இடிபோல உறுமும் அந்த விலங்கு இரவோடு இரவாகக் கிழங்குக் கொல்லையை உழுதுபோட்டுவிடும் என்பது வேளாண் குடியில் பிறந்தவருக்குத் தெரியாததன்று. மயிலிலும் கிளியிலும் தெய்வத்தைக் காண யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. நமக்கு இழப்பு உண்டாக்கக்கூடிய ஒன்றும் தன் துணையோடு இசைந்து வரும்போது அங்கேயும் திருப்பாதம் தெரிந்தது என்று சொல்லும்போதுதான், அவர் அழகை இரசித்துக்கொண்டு நிற்கவில்லை என்பது உறுதியாகிறது.

முதற்பாடலில் இன்னும் இரண்டு இடங்கள் உங்களுக்காகவே எழுதியவை போல இருக்கின்றன. ஒன்று, 'போதொடு நீர் சுமந்து ஏத்திப் புகுவார் அவர்பின் புகுவேன்' என்பது. பூவும் நீரும் சுமந்து கோயிலுக்குப் போகிற எளிய அடியவர்களுக்குப் பின்னால் தாமும் நுழைகிறார். இமயம்வரை தனியே போனவர், காட்சி கிடைத்த நாளில் கூட்டத்தின் கடைசியில் நடக்கிறார். மற்றொன்று, 'யாதும் சுவடு படாமல் ஐயாறு அடைகின்ற போது' என்பது. நிலத்தின்மேல் நடந்து வராமல் பொய்கை வழியாக வந்ததால் அடிச்சுவடே இல்லை என்று பொருள் கொள்ளலாம். நான் வயதாக ஆக, தம்முடைய தடம் எதுவும் அந்த நிலத்தில் பதியாமல் வந்தார் என்றும் அதைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

அப்படியானால் யானையே கடவுளா, மரமே கடவுளா, இது வெறும் இயற்கை வழிபாடுதானே என்று சிலர் கேட்பார்கள். சைவ சித்தாந்தம் இதற்கு மூன்று சொற்களில் விடை வைத்திருக்கிறது: இறைவன் உலகத்தோடும் உயிர்களோடும் 'ஒன்றாய், வேறாய், உடனாய்' நிற்கிறான். பொருள் தன்மையால் அவன் வேறு. பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதால் ஒன்று. ஒவ்வோர் உயிரின் இயக்கத்திலும் துணைநிற்பதால் உடன். வைணவத்தில் இராமானுசர் உலகம் முழுவதையும் இறைவனுக்கு உடலாகவும் இறைவனை அதன் உயிராகவும் வைத்து விளக்கினார். இவ்விரண்டும் வேறு வேறு தத்துவங்கள். அவற்றுக்கிடையே நூற்றாண்டுக் கணக்கில் வாதம் நடந்திருக்கிறது. ஆனால் காற்றைத் தொட்டால் யாரைத் தொடுகிறோம் என்ற கேள்விக்கு இரண்டும் நெருங்கிய விடைகளையே தருகின்றன. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் ஒரு தாய் தன் மகளைப் பற்றிப் புலம்புகிறாள்: இவள் மண்ணைத் துழாவி இது வாமனன் மண் என்கிறாள், செந்தீயைத் தழுவி அச்சுதன் என்கிறாள், 'எறியும் தண் காற்றைத் தழுவி என்னுடைக் கோவிந்தன் என்னும்'. தாய்க்கு அது பித்து. ஆழ்வாருக்கு அதுவே தெளிவு. படைத்தவனையும் படைப்பையும் தனித்தனியே வைக்கும் சமயங்களிலும் இந்த வாயில் அடைபட்டிருக்கவில்லை. 'வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது' என்று விவிலியத்தின் 19ஆம் சங்கீதம் தொடங்குகிறது. நீங்கள் எந்தச் சமயத்தவர் என்று எழுதவில்லை. எதுவாயினும் உங்கள் அனுபவத்தை வைக்க அங்கே இடம் இருக்கிறது.

இனி நிம்மதியைப் பற்றி. காட்டில் வெப்பம் குறைகிறது, வண்டிச் சத்தம் இல்லை, கைப்பேசியில் அழைப்பு வருவதில்லை, நடந்ததால் உடல் களைத்து மூச்சு சீராகிறது. மனம் தெளிவதற்கு இவையே போதும். இந்த நிம்மதியைத் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். பசித்தவனுக்குச் சோறு போல அது தேவை, அதற்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதை இறையனுபவம் என்று பெயரிட்டு அதன்மேல் உரிமை கொண்டாடத் தொடங்கினால், நாளடைவில் அந்தச் சூழல் இல்லாத இடத்தில் இறைவனும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். கோயிலில் மனம் ஒன்றவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதில் அதன் தொடக்கம் எனக்குத் தெரிகிறது. கோயிலில் கூட்டம் இடிக்கிறது, சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது, முன்னால் நிற்பவர் மறைக்கிறார். மலையில் மறைப்பவர் இல்லை. ஆனால் மறைப்பவர் இல்லாத இடத்தில்தான் இறைவன் தெரிவான் என்றால், நாம் தேடுவது இறைவனையா, வசதியையா என்று ஒருமுறையேனும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நானும் பல ஆண்டுகள் அந்த வசதியைத்தான் தேடினேன்.

இங்கேயும் நாவுக்கரசரிடம் போகிறேன். அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்து ஏழு நாள் பூட்டிவைத்தார்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. அந்த நீற்றறைக்குள் அவர் பாடியதாக மரபு கொண்டாடும் பாடல் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நிழலே.

மாலை நிலவும் தென்றலும் வண்டு மொய்க்கும் பொய்கையும் இருந்த இடத்தில் இது பாடப்படவில்லை. நீறும் வெப்பமும் இருட்டும் மட்டுமே இருந்த இடத்தில் பாடப்பட்டது. அவர் தென்றலில் நின்ற நாட்கள் அவருக்குள் தங்கியிருந்தன. இறைவனின் அடிநிழல் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டிவந்தபோது, அந்த நாட்களே அவருக்குச் சொல்லாயின. இயற்கையின் நடுவே கழிக்கும் நேரம் எதற்காக என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் இரவில் உங்களுக்குள் ஒரு பொய்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் மலையில் பெற்றது நிம்மதிக்கும் மேற்பட்டது.

18ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் இன்னொரு படி மேலே போனார். பூசைக்கு மலர் பறிக்கப் போகிறார். 'பார்க்கின்ற மலரூடு நீயே இருத்தி அப்பனிமலர் எடுக்க மனமும் நண்ணேன்' என்று கை நின்றுவிடுகிறது. பனித்துளியோடு நிற்கும் பூவுக்குள் யாருக்குப் பூசை செய்ய வந்தாரோ அவனே இருக்கிறான், எப்படிப் பறிப்பது? காட்சி மெய்யானதென்றால் கை நிற்கும் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். பறிக்கவும் உடைக்கவும் வீசி எறியவும் நீளும் கை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இயற்கை எப்போதும் பனிமலர் இல்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. என் அத்தை மகன் ஒருவருக்கு அங்கே தோப்பு இருந்தது. அவர் தகப்பனார் வைத்த மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. நான் போய் நின்றபோது அவரிடம் 'அத்தான்' என்பதற்கு மேல் எந்தச் சொல்லும் எனக்கு வரவில்லை. காற்றைத் தழுவிக் கோவிந்தன் என்ற பாடலை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, இன்றும் இல்லை. ஒரு மாதம் சாமி விளக்கு ஏற்றவில்லை என்று அவரே பின்னர் சொன்னார். அடுத்த ஆண்டு அதே குழிகளுக்கு அருகில் புதிய கன்றுகளை வைத்தார். ஏன் வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தமிழ்ப் பக்தி மரபு இந்தப் பக்கத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பது மட்டுமே எனக்கு ஆறுதல். காரைக்காலம்மையார் இறைவனைக் கண்ட இடம் பூஞ்சோலை இல்லை. திருவாலங்காட்டுச் சுடுகாடு, கள்ளியும் முள்மரங்களும் கரிந்து நிற்க, பேய்கள் கொள்ளிக்கட்டையை மசித்து மையிட்டுக்கொள்ளும் வெட்டவெளி. அங்கேதான் அவன் ஆடக் கண்டார். அந்த ஆட்டத்தின் காலடியிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். இயற்கையில் இறைவனைத் தேடுவோர் மாலை மதியத்தைப் பாடிய நாவுக்கரசரையும் கள்ளிக்காட்டைப் பாடிய அம்மையாரையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒருவரை மட்டும் படித்தால் முதல் புயலிலேயே நம்பிக்கை சாய்ந்துவிடும்.

கோயிலா, காடா என்று நீங்கள் இரண்டாகப் பிரித்திருப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொல்காப்பியம் நிலத்தைச் சொல்லும்போதே தெய்வத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது: காடு மாயோனுடையது, மலை சேயோனுடையது, வயல் வேந்தனுடையது, கடற்கரை வருணனுடையது. பிற்காலத்தில் கோயில்கள் எழுந்தபோதும் ஒவ்வொரு சிவத்தலத்துக்கும் ஒரு மரம் உரியதாயிற்று. காஞ்சி ஏகம்பத்துக்கு மா, ஆனைக்காவுக்கு வெண்ணாவல், மதுரைக்குக் கடம்பு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது தில்லை மரக்காட்டால்தான். அது உப்பங்கழிகளில் வளரும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுத்துவிடும். இன்று அந்த மரத்தைக் காண வேண்டுமானால் சிதம்பரத்திலிருந்து கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. பொன்னம்பலத்தைக் கண்டவர்கள் அடுத்த நாள் ஒரு படகில் ஏறிப் பிச்சாவரத்தின் கழிகளுக்குள் போய் அந்த மரத்தின் முன் சற்று நேரம் இருந்துவிட்டு வரலாம். அதற்குப் பிறகு ஒருமுறை கோயிலுக்குள் நின்று பாருங்கள். காட்டுக்குள் நிற்பதாகவே தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியது.

ஊர்ப்புறங்களில் கோயில்காடு என்று ஒன்று உண்டு. ஐயனாருக்கோ வேறொரு காவல் தெய்வத்துக்கோ விடப்பட்ட காடு. அங்கே சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது, செருப்பணிந்து நுழையக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியில் 5 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவான ஒரு கோயில்காட்டை 2025இல் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சுற்றிலும் நிலமெல்லாம் மாறிப்போன பின்னும் இப்படிப்பட்ட காடுகள் நிற்பதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே யாரோ இருக்கிறார் என்று நம்பிக் கையை நிறுத்திக்கொண்டதுதான். தாயுமானவர் மலரின் முன் ஒருநாள் செய்ததை ஓர் ஊரே நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறது. நீங்கள் மலையில் தனியே உணர்ந்தது, இப்படி ஊராகக் கூடி உணரப்பட்டும் இருக்கிறது.

எங்கே போவது, எப்படி இருப்பது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பலர் வெள்ளியங்கிரியைச் சொல்வார்கள். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை ஏறி உச்சியில் விடியலைக் காண்பது பெரிய அனுபவம்தான்; இளமையும் உடல்நலமும் இருந்தால், வனத்துறை அனுமதிக்கும் மாதங்களில் சென்று வாருங்கள். இதய நோய் உள்ளவர்கள் வைராக்கியத்தால் ஏற வேண்டாம். அந்தப் பாதையில் உயிரிழந்தவர்கள் உண்டு. ஏறுவோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. காரைக்காலம்மையார் கயிலை மலையில் கால் படக் கூடாது என்று தலையால் நடந்தார் என்கிறது பெரியபுராணம். அவர் தலையால் நடந்த திருவாலங்காட்டை மிதிக்க அஞ்சித் திருஞானசம்பந்தர் ஊருக்குள் நுழையாமல் வெளியே தங்கினார் என்றும் சொல்கிறது. அந்த வழியில் வந்தவர்கள் நாம். தென்கயிலை என்று நாமே போற்றும் மலையில் தண்ணீர்ப் புட்டியையும் தின்பண்ட உறையையும் எறிந்துவிட்டு உச்சியில் கைகூப்பினால், அந்தக் கை யாரைக் கும்பிடுகிறது?

திருவண்ணாமலை இதற்கு நல்ல பயிற்சிக் களம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். 1896இல் பதினாறு வயதில் அங்கே வந்த இரமணர் 1950இல் மறையும்வரை அந்த மலையை விட்டு நீங்கவில்லை. அவருக்கு மலை சிவனின் அடையாளம் இல்லை, சிவனேதான். வலம் வரும்போது நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்பது அங்கே வழங்கும் அறிவுரை. பௌர்ணமி இரவின் நெரிசலில் அது இயலாது. வேறொரு நாள் விடியலில் முயன்று பாருங்கள். இரமணர் மலையில் நடந்துகொண்டிருந்தபோது புதருக்குள் இருந்த குளவிக்கூட்டில் அவர் தொடை பட்டுவிட்டது. குளவிகள் அந்தக் காலை மொய்த்துக் கொட்டின. தவறு செய்தது இந்தக் கால்தானே என்று, அவை கொட்டி முடிக்கும்வரை அவர் அசையாமல் நின்றார். நாம் அப்படி நிற்க முடியாது, நிற்கவும் வேண்டாம். ஆனால் அது குளவியின் இடம், உள்ளே வந்தவன் நான் என்ற உணர்வு அந்த மலையில் நமக்குச் சிறிதளவாவது வந்தால் போதும்.

என் சொந்தப் பழக்கம் இவற்றைவிட மிக எளியது. பணி ஓய்வுக்குப் பின், பெரும்பாலான நாட்களில் விடியலுக்கு முன் காவிரிப் படித்துறைக்குப் போய் அரைமணி நேரம் உட்காருகிறேன். கைப்பேசியை எடுத்துப் போவதில்லை. படம் எடுக்கத் தொடங்கினால், பார்ப்பதை யாரிடம் காட்டுவது என்ற நினைவு வந்துவிடுகிறது. பறவைகளையும் மரங்களையும் பெயரோடு அறிந்துகொள்ள முயன்றேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். நமக்குப் பத்துப் பூவின் பெயராவது தெரிய வேண்டாமா? பெயர் தெரியாத வரையில் எல்லாம் சேர்ந்து வெறும் பச்சையாகத் தெரிகிறது. மருதும் நாவலும் புங்கும் தனித்தனியே தெரியத் தொடங்கிய பிறகுதான் அவை எனக்கு எதிரே நின்றன.

முதல் இரண்டு ஆண்டுகளில் எதுவும் நிகழவில்லை. மேட்டூரில் நீர் திறந்து ஆறு நிறையும் மாதங்களில் மனம் குளிர்ந்தது, அவ்வளவே. பிறகு ஒரு சித்திரையில், ஆறு முழுதும் மணலாகக் கிடந்தபோது, நடு ஆற்றில் எஞ்சியிருந்த சிறு குட்டையில் ஒரு நாரை நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. சற்றுத் தள்ளி மணலில் இன்னொரு நாரை இறங்கி, நடந்து வந்து அதன் பக்கத்தில் நின்றது. வெயில் ஏறி என் முதுகு சுட்டபோதுதான் நேரம் போனது தெரிந்தது. அந்த நேரம் முழுவதும் என்னைப் பற்றிய நினைவு ஒன்றுகூட எனக்கு வரவில்லை. அது இறைக்காட்சி என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. 'நற்றுணைப் பேடையொடு ஆடி நாரை வருவன கண்டேன்' என்ற வரியை நாற்பது ஆண்டுகள் படித்து, முப்பது ஆண்டுகள் கற்பித்த பின், அன்று வீடு திரும்பும் வழியில்தான் அது எனக்குப் பாடலாகக் கேட்டது. அன்று மாலை கோயிலுக்குப் போனேன். கூட்டம் வழக்கம்போலவே இருந்தது. முன்னால் நின்று மறைத்தவரின் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், தீபாராதனை முடிந்தது.

எனவே உங்கள் மலையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். அங்கே போய்வாருங்கள், யாரோ உடன் இருப்பதாகத் தோன்றினால் அதை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்கு அருகே ஒரு குளக்கரையையோ ஒரு வேம்பையோ தேர்ந்து, மழையிலும் வெயிலிலும், ஒன்றும் தோன்றாத நாட்களிலும் அங்கேயும் போய் உட்காருங்கள். அந்த இடத்தில் குப்பை கிடந்தால் எடுத்துப் போடுங்கள். நாவுக்கரசரின் கையில் எப்போதும் இருந்தது உழவாரப்படை, கோயில் முற்றத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்கும் கருவி.

முடிந்தால் ஓர் ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றுக்கு வாருங்கள். தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். காலையில் புஷ்ய மண்டபப் படித்துறையில் முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்துவோர் நிறைந்திருப்பார்கள். அன்றுதான் ஐயாறப்பர் கோயிலில், அப்பர் என்று போற்றப்படும் நாவுக்கரசரின் கயிலைக் காட்சி விழாவும் நடக்கும். ஓதுவார்கள் அந்தப் பதினொரு பாடல்களையும் பாடுவார்கள். நீங்கள் விரும்பும் தனிமை அன்று அங்கே கிடைக்காது. பூவும் நீரும் சுமந்து உள்ளே போகிறவர்களுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள்.